பேய்க்கு நான்கு பக்கம், பெண்ணுக்கு ஒரு வரி

அன்புள்ள தம்பிக்கு,

உன் எட்டு எபிசோட் கதைச்சுருக்கமும் பைலட் ஸ்கிரிப்ட்டும் வந்து சேர்ந்தன. படித்துவிட்டேன். மூடிப்போன பஞ்சாலை, அதன் மதிலை ஒட்டிய அரசு மேல்நிலைப் பள்ளி, ஆலை விடுதியில் செத்துப்போன பெண்ணின் ஆவி என்று களம் நன்றாகவே பிடிபட்டிருக்கிறது. ஆவிக்கு எந்தத் திதியில் பலம் கூடும், எதைக் கண்டால் ஒதுங்கும், சாவுக்கு யார் காரணம் என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். நாயகிக்கு ஒரே வரி: பிளஸ் ஒன் மாணவி, வயது 16, துறுதுறுப்பானவள். அவளுடைய நண்பர்கள் இருவருக்கும் சேர்த்து இன்னொரு வரி.

பேயை உண்டாக்குவது சுகமான வேலை, அதனால் எல்லோரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு கனெக்ட் ஆக வேண்டும் என்று தயாரிப்பாளர் சொன்னதும் நீ செய்திருக்கும் வேலைதான் இடிக்கிறது. அவளுக்கு ஒரு இன்ஸ்டாகிராம் கணக்கு, ஒரு கிட்டார், ஒரு காதல் ட்ராக் கொடுத்திருக்கிறாய். பதினாறு வயது என்பதை வெளியே மாட்டிவிடும் சாமான்கள் இவை. இவற்றை எடுத்துக் கொண்டுபோய் முப்பது வயதுப் பெண்ணிடம் கொடுத்தாலும் உன் கதை அப்படியே ஓடும். அந்த ஆவிக்கு இந்தப் பெண்தான் வேண்டும் என்பதற்கு ஸ்கிரிப்ட்டில் ஒரு காரணமும் இல்லை.

எனக்குத் தெரிந்தவரை இந்த விஷயத்தைத் தீர யோசித்த தொடர் 'பஃபி த வாம்பயர் ஸ்லேயர்'. பழசுதான். இப்போது பார்த்தால் காட்டேரிகளின் நெற்றி ரப்பர் என்று பளிச்சென்று தெரியும். அதைப் பொறுத்துக்கொண்டு பார். 1992இல் இதே பெயரில் ஒரு சினிமா வந்தது, எழுதியவர் ஜோஸ் வீடன். திகில் படங்களில் இருட்டுச் சந்துக்குள் போய் முதலில் செத்துப்போவாளே பொன்னிற முடிக்காரி, அவள் இந்தத் தடவை திரும்பி நின்று பூதத்தை அடித்தால் என்ன என்பதுதான் கரு. படம் ஒரு கேலிப்படமாக வந்து போனது. அதே ஆள் அதே கருவை 1997 மார்ச்சில் டபிள்யூபி சேனலில் தொடராகக் கொண்டுவந்தார். முதல் சீசன் வெறும் 12 எபிசோட், 16 எம்எம் ஃபிலிமில் எடுத்தது. அது வளர்ந்து 7 சீசன், 144 எபிசோட் என்று 2003 மே வரை போயிற்று.

முதல் எபிசோடில் காட்டேரி வேட்டைக்காரியான பஃபி எப்படி வருகிறாள் என்று கவனி. லாஸ் ஏஞ்சல்ஸில் படித்த பள்ளியின் ஜிம்மை எரித்தவள் என்ற கெட்ட பெயரோடு வருகிறாள். அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். மகளுக்காக அம்மா ஊரையே மாற்றி ஸன்னிடேல் என்ற சிற்றூருக்கு வந்திருக்கிறாள். புதிய தலைமையாசிரியர், இங்கே எல்லோருக்கும் புது ஏடுதான் என்று பெருந்தன்மையாக அவளுடைய பழைய ரெக்கார்டைக் கிழிக்கிறார். கிழித்த தாளில் கண் போகிறது. படித்துப் பார்த்துவிட்டு, பேசிக்கொண்டே துண்டுகளை டேப் போட்டு ஒட்டுகிறார். சிரிப்புக் காட்சிதான். ஆனால் அவள் இந்த ஊரில் எதற்குப் பயப்படுகிறாள் என்பது ஒரு பூதமும் வருமுன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவளுக்கு வேண்டியது இரண்டு சிநேகிதர்கள், இன்னொரு முறை பள்ளியைவிட்டு அனுப்பப்படாமல் இருப்பது, அம்மாவின் முகம் வாடாமல் இருப்பது. உலகத்தைக் காப்பாற்றும் ஆசையெல்லாம் அவளுக்கு இல்லை. அது அவள் தலையில் வந்து விழுகிறது, விழுந்ததும் மேற்சொன்ன மூன்றையும் உடைக்கப் பார்க்கிறது.

நான் கலிஃபோர்னியாவில் படித்தவன் இல்லை. சியர்லீடர், பிராம் நடனம், லாக்கர் வரிசை எல்லாம் எனக்கு அந்நியம். அந்தப் பெண்ணோடு என்னை ஒட்டவைத்தது அம்மாவிடம் அவள் சொல்கிற பொய்களின் தரம். அவசரத்தில் ஜோடித்த, ஓட்டை விழுந்த பொய்கள். பார்க்கிறவனின் வாழ்க்கையைப் போலவே பாத்திரத்தின் வாழ்க்கையும் இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் நினைக்கிறார்கள். அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. அவள் ஒன்றை மறைக்கிற விதம் நமக்குப் பழக்கமாக இருந்தால் போதும், ஊரும் உடையும் மொழியும் தாமாக வழிவிடும்.

இனி பேய் விஷயம். அந்தப் பள்ளி நரக வாயில்மேல் கட்டப்பட்டது என்று ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். வாராவாரம் புதுப் பூதம் வருவதற்குச் சௌகரியமான ஏற்பாடு. அதற்குமேல் அவர்கள் செய்ததுதான் முக்கியம். பூதங்களை வெளியே இருந்து இறக்குமதி செய்யாமல், பள்ளியில் ஏற்கெனவே இருக்கும் வலியிலிருந்து எடுத்தார்கள். மூன்றாவது எபிசோடில் ஒரு தாய், ஒரு காலத்தில் சியர்லீடராகக் கொடிகட்டிப் பறந்தவள், அந்தப் பெருமையை மறுபடி அனுபவிக்க மந்திரத்தால் மகளின் உடம்பையே எடுத்துக்கொள்கிறாள். பிள்ளையின் மூலம் தன் வாழ்க்கையை இரண்டாவது முறை வாழப் பார்க்கும் பெற்றோரைத் தெரியாத ஊர் எது? எழுதியவர்கள் அந்த ஆசையை அப்படியே சொல் பிசகாமல் நடத்திக் காட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

மார்ஸி என்ற பெண் வரும் எபிசோடை மட்டும் பேனாவும் தாளுமாக உட்கார்ந்து பார். முதல் சீசனின் பதினோராவது. பள்ளியில் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கோர்டீலியா என்ற பணக்கார அழகியைச் சுற்றியிருப்பவர்களைத் தாக்குகிறது. பேய் என்று நினைத்துத் தேடுகிறார்கள். கடைசியில் அது ஒரு மாணவி. வகுப்பில் கை தூக்கினால் ஆசிரியர் கண்ணில் படுவதில்லை, கூட்டத்தில் பேசினால் யார் காதிலும் விழுவதில்லை. யாருமே கவனிக்காமல் கவனிக்காமல் ஒருநாள் அவள் உடம்பே மறைந்துவிட்டது. இதுவரை நல்ல கரு. இதை யாரும் யோசிக்கலாம்.

எழுதியவர்களின் கெட்டிக்காரத்தனம் ஒரு சின்னப் பொருளில் இருக்கிறது. மார்ஸியின் இயர்புக் கையில் கிடைக்கிறது. ஆண்டு முடிவில் நம் ஊரில் ஆட்டோகிராப் நோட்டில் எழுதிக்கொள்வோமே, அந்த மாதிரி அதில் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். எல்லோரும் ஒரே வாசகம்: விடுமுறை நன்றாகக் கழியட்டும் என்கிற, முகம் தெரியாதவருக்கு எழுதும் வாசகம். எழுதியவர்களில் வில்லோவும் ஸாண்டரும் உண்டு. நாயகியின் உயிர்த் தோழர்கள், தாங்களே ஓரங்கட்டப்பட்டவர்கள், நமக்குப் பிடித்த நல்ல பிள்ளைகள். அவளோடு ஒரே வகுப்பில் இருந்தும் அவர்களுக்கு அவளை நினைவில்லை. அந்த இடத்தில் பேய்க்கதை நம் பக்கம் திரும்பிவிடுகிறது. பார்க்கிற ஒவ்வொருவரும் தன் வகுப்பில் தானும் மறந்துபோன ஒரு முகத்தைத் தேட ஆரம்பிப்பார். முடிவும் ஆறுதல் தருவதில்லை. அரசாங்க ஆட்கள் வந்து அவளை அழைத்துப்போகிறார்கள், அவளைப் போலவே மறைந்துபோன பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பறைக்கு. அங்கே பாடம், ஆளைக் கொல்வது எப்படி என்பது. மன்னித்து, அழுது, உடம்பு திரும்பக் கிடைத்து என்று முடித்திருந்தால் அது பள்ளி ஆண்டுவிழா நாடகமாகியிருக்கும்.

உன் ஸ்கிரிப்ட்டில் பேயை எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். நாயகிக்கு அந்த வாரம் ஒரு கஷ்டமும் மிஞ்சவில்லை. பேய் வந்தபின்தான் அவளுக்கு வாழ்க்கையே ஆரம்பிக்கிறது. மார்ஸி கதையில் மந்திரத்தை எடுத்துவிட்டாலும் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். இந்தச் சோதனையை உன் எட்டு எபிசோடுக்கும் செய்.

காதல் ட்ராக் பற்றி. இரண்டாவது சீசனின் நடுவில், 1998 ஜனவரியில் திங்களும் செவ்வாயும் அடுத்தடுத்து வந்த இரண்டு எபிசோடுகள் உண்டு. பஃபிக்கு 17வது பிறந்தநாள். அவள் காதலிக்கும் ஏஞ்சல் ஒரு காட்டேரி, ஆனால் ஒரு சாபத்தால் ஆன்மா திரும்பக் கிடைத்தவன். அதனால் நல்லவன். அந்தச் சாபத்தில் ஒரு நிபந்தனை: ஒரு கணம் பூரண மகிழ்ச்சி கிடைத்தாலும் ஆன்மா போய்விடும். அன்று இரவு இருவரும் ஒன்றாக இருக்கிறார்கள். விடிந்தால் அவன் பழைய கொடூரன். முந்தைய இரவைப் பற்றி அவளிடம் ஏளனமாகப் பேசுகிறான், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்கிற தொனியில். நமக்கு அவன் ஆன்மா போனது தெரியும், அவளுக்குத் தெரியாது. தன்னிடம்தான் ஏதோ குறை என்று நிற்கிறாள். ஒரு பல்லும் வெளியே தெரியவில்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அந்தத் தொடரில் எனக்கு மிகவும் பயம் தந்த காட்சி அதுதான்.

இங்கே தொழில்நுட்பமாக ஒன்றைப் பார். மந்திர விதியும் அந்தப் பெண்ணின் உள்ளே இருக்கும் பயமும் ஒரே கயிற்றில் முறுக்கப்பட்டிருக்கின்றன. நம்பிக் கொடுத்தபின் அவன் மாறிவிட்டால் என்ற பயம் எந்தப் பதினேழு வயதுக்காரிக்கும் புதிதில்லை. சாபத்தின் நிபந்தனை அந்தப் பயத்தை நேராகக் குறிவைக்கிறது. உன் ஆவிக்கு நீ வைத்த விதிகள் அமாவாசை, மஞ்சள் கயிறு, ஆலைச் சங்கு. மூன்றும் காட்சிக்கு அழகு. மூன்றில் ஒன்றுகூட நாயகியின் எந்த ரகசியத்தையும் தொடவில்லை. அதே எபிசோடின் முடிவில், ஒன்றும் அறியாத அம்மா ஒரு சின்ன கேக்கில் ஒற்றை மெழுகுவத்தி ஏற்றித் தருகிறாள், இருவரும் டிவியில் பழைய படம் பார்க்கிறார்கள். உலகமே இடிந்த நாளிலும் அம்மா பிறந்தநாளைக் கேட்பாள் என்பதை நீ எங்கேயாவது எழுதியே ஆக வேண்டும்.

அம்மாவைப் பற்றிப் பேசுவதால் அந்தச் சீசனின் கடைசி எபிசோடையும் சொல்லிவிடுகிறேன். மகள் யாரென்று அன்றுதான் அம்மா ஜாய்ஸுக்குத் தெரிகிறது. வீட்டு வாசலில் ஒரு காட்டேரியை மகள் தூசியாக்குவதைக் கண்ணால் பார்த்த பிறகு சமையலறையில் வாக்குவாதம். வேட்டைக்காரியாக இல்லாமல் இருக்க முயன்று பார்த்தாயா என்று அம்மா கேட்கிறாள். இப்போது வெளியே போனால் திரும்பி வர நினைக்காதே என்கிறாள். மகள் போய்விடுகிறாள். தன்பால் ஈர்ப்பைப் பெற்றோரிடம் சொல்லிப் பார்த்த பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்தக் காட்சியில் தங்கள் வீட்டுச் சமையலறையைக் கண்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு அங்கே ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. டாக்டர் சீட்டு வேண்டாம் என்று சொல்லும் பிள்ளைக்கும், வேறு சாதியில் காதலிக்கும் பிள்ளைக்கும் அதே சமையலறை திறந்தே இருக்கிறது. விளக்கியிருந்தால் ஒருவருக்கு மட்டும் திறந்திருக்கும்.

விளக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே தொடரே சாட்சி. நான்காவது சீசனில் மந்திர பீரைக் குடித்த கல்லூரிப் பிள்ளைகள் கற்கால மனிதர்களாகிவிடும் ஓர் எபிசோட் உண்டு. குடி கெடுதல் என்று சுவரில் எழுதியிருக்கலாம், செலவு மிச்சம். ஆறாவது சீசனில் வில்லோவின் மந்திரப் பழக்கத்தைப் போதைப் பழக்கமாக மாற்றினார்கள். நடுக்கம், மந்திரம் விற்கும் ஆசாமியின் இருட்டறை, கார் விபத்து என்று போதை விழிப்புணர்வுப் படத்தின் எல்லாச் சரக்கும் வந்துவிட்டன. அதற்கு முன் மந்திரம் என்பது அவளுடைய அறிவு, வெட்கம் விட்டுப்போன தைரியம், டாரா என்ற பெண்மீதான காதல், அதிகார ருசி எல்லாமுமாக இருந்தது. ஒன்றுக்கு ஒன்று என்று சமன்பாடு போட்டதும் சுருங்கிவிட்டது. உன் ஆவி எதைக் குறிக்கிறது என்று நிருபர் கேட்டால் ஒரே வாக்கியத்தில் உன்னால் பதில் சொல்ல முடிகிறதென்றால், இன்னொரு வரைவு எழுத வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

நண்பர்கள் இருவரும் உன் கதையில் டார்ச் பிடிக்கவும் ஓடவும் மட்டுமே இருக்கிறார்கள். மூன்றாவது சீசனில் ஸாண்டருக்கென்று ஓர் எபிசோட் எழுதினார்கள். உலகம் அழியப்போகிற இரவு, எல்லோரும் பெரும் போரில் இருக்கிறார்கள். அந்தப் போர் நமக்குக் கதவிடுக்கில் மட்டும் தெரிகிறது. கேமரா முழுக்க ஸாண்டரோடு. சக்தி எதுவும் இல்லாதவன், உனக்கு அடிபடும், ஒதுங்கி இரு என்று நண்பர்களே தள்ளிவைத்தவன். மாமாவின் காரை ஓட்டிக்கொண்டு தானும் ஓர் ஆள் என்று காட்டிக்கொள்ளப் புறப்பட்டு, செத்து எழுந்த ரவுடிகளிடம் மாட்டி, கடைசியில் பள்ளியின் அடித்தளத்தில் ஒரு வெடிகுண்டின் முன் நிற்கிறான். அவன் அன்று எல்லோரையும் காப்பாற்றியது யாருக்கும் தெரியாது. மறுநாள் கோர்டீலியா வழக்கம்போலக் குத்திப் பேசுகிறாள். பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டே போய்விடுகிறான். கூட்டத்தில் உதவாக்கரை என்று தன்னை நினைக்காத பதினேழு வயதுப் பையன் எங்கே இருக்கிறான்? உன் பார்வையாளர்களில் நாயகிகளைவிட டார்ச் பிடிப்பவர்கள்தான் அதிகம்.

வில்லன் விஷயத்திலும் இதையே செய்தார்கள். அதே சீசனின் வில்லன் ஊர் மேயர். சிரித்த முகம், கிருமிக்குப் பயம், கெட்ட வார்த்தை பிடிக்காது, பாம்பாக மாறி ஊரை விழுங்கும் திட்டம். அவரிடம் வந்து சேர்கிறாள் ஃபெயித். பஃபியைப் போலவே வேட்டைக்காரி, ஆனால் வீடில்லை, அம்மா இல்லை, மோட்டல் அறையில் தங்குகிறாள். தற்செயலாக ஒரு மனிதனைக் கொன்றுவிடுகிறாள், அதன்பின் நல்லவர்களின் வட்டத்தில் அவளுக்கு நிற்க இடமில்லை. மேயர் அவளுக்கு ஓர் அபார்ட்மென்ட் கொடுக்கிறார், பால் குடிக்கச் சொல்கிறார், அவளைப் பற்றிப் பெருமைப்படுகிறார். அந்த அன்பு பொய்யில்லை என்பதுதான் பயங்கரம். சாப்பிட்டாயா என்று கேட்டவரிடம் ஒரு பிள்ளை போய்ச்சேர்ந்தது என்று பார்த்தால், அவளை முழுக்க வெறுக்க நம்மால் முடிவதில்லை. உன் ஆலை முதலாளியின் பேரனுக்கு இப்படி ஒன்று யோசி. இப்போது அவன் சிகரெட் பிடிப்பதால்தான் கெட்டவன் என்று தெரிகிறது.

பேச்சுமொழி. நீ இந்த வருஷத்து ரீல்ஸ் வார்த்தைகளை அள்ளிப் போட்டிருக்கிறாய். தொடர் வெளியாவதற்குள் பாதி செத்திருக்கும். பஃபியின் எழுத்தாளர்கள் நிஜப் பள்ளிப் பிள்ளைகளின் கொச்சையை நகலெடுக்காமல், அந்தக் கூட்டத்துக்கென்றே ஒரு பேச்சை உண்டாக்கினார்கள். வால் சேர்த்த சொற்கள், வினையாக்கிய பெயர்கள், பாதியில் விட்ட கிண்டல்கள். மைக்கேல் ஆடம்ஸ் என்ற மொழியியலாளர் 2003இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். உன் மூன்று பிள்ளைகளும் ஆறாம் வகுப்பிலிருந்து நண்பர்கள் என்றால் அவர்களுக்குள் ஐந்தாறு சொற்களாவது வெளியாருக்குப் புரியாதவையாக இருக்க வேண்டும். ஒரு வாத்தியாருக்கு வைத்த பட்டப்பெயர் இன்று பயத்துக்கே பெயராகியிருக்கலாம். வசனத்துக்கு இவ்வளவு பேர் போன தொடர் 1999 டிசம்பரில் ஊர் முழுவதன் குரலையும் பூதங்கள் திருடிவிட்டதாக ஓர் எபிசோட் செய்தது, பெரும்பகுதி பேச்சே இல்லாமல். திரைக்கதைக்கு எம்மி பரிந்துரை அதற்குத்தான் கிடைத்தது. பேச முடியாமல் போனபின்தான் அந்தப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொள்கிறார்கள்.

உன் ஐந்தாம் எபிசோடில் பள்ளி மாடியிலிருந்து ஒரு பையன் குதிக்கப் போகிற காட்சி இருக்கிறது. அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், இருந்தாலும் ஒன்று. மற்றவர் நினைப்பது பஃபிக்குக் கேட்கத் தொடங்கும் ஓர் எபிசோடில், துப்பாக்கியோடு மணிக்கூண்டில் ஏறிய மாணவனை அவள் போய்ச் சந்திக்கிறாள். அவன் யாரையும் கொல்ல வரவில்லை, சாக வந்தவன். எல்லார் மனதும் கேட்டவள் அவனிடம் சொல்வதன் சாரம், அவரவர் வலியின் இரைச்சலில் இருப்பவர்களுக்கு உன் வலி கேட்கவில்லை என்பது. 1999 ஏப்ரலில் கொலம்பைன் பள்ளிப் படுகொலை நடந்ததும் அந்த எபிசோடைத் தள்ளிவைத்து செப்டம்பரில்தான் ஒளிபரப்பினார்கள். அதே சீசனின் கடைசிப் பகுதியும் ஜூலைக்குத் தள்ளிப்போனது. பிள்ளைகளின் உண்மையான வலியை எடுத்தாள்பவனுக்கு அந்த வலி திரைக்கு வெளியே எப்போது வெடிக்கும் என்று தெரியாது. உன் காட்சியில் அந்தப் பையனைக் குதிக்கத் தூண்டுவது ஆவிதான் என்று வைத்திருக்கிறாய். அதை மாற்று. நிஜத்தில் அப்படி நிற்கும் பிள்ளைக்கு அது ஒன்றும் சொல்லாது, பெற்றோருக்கோ தப்பிக்க ஒரு வழி சொல்லிக்கொடுக்கும்.

உனக்குப் பிடித்த 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பற்றிச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வாய். 2016இல் வந்த முதல் சீசன் இந்த வழியில்தான் நடந்தது: 1983 நவம்பர், இண்டியானாவின் ஒரு கற்பனைச் சிற்றூர், சைக்கிளில் திரியும் சிறுவர்கள், தங்கள் விளையாட்டில் வரும் அரக்கனின் பெயரையே நிஜ அரக்கனுக்கும் வைக்கிறார்கள். 2022இன் நான்காவது சீசனில் வெக்னா என்ற அரக்கன் யாரைத் தேடி வருகிறான் என்று பார். முதலில் சாகும் சியர்லீடர் பெண்ணுக்கு அவன் காட்டும் மாயக்காட்சியில் அவளுடைய அம்மா உட்கார்ந்து மகளின் கவுனை அகலப்படுத்தித் தைத்துக்கொண்டிருக்கிறாள். உடம்பைப் பற்றி அந்த வீட்டில் என்னென்ன பேச்சு நடந்திருக்கும் என்று அந்தத் தையலிலேயே தெரிந்துவிடுகிறது. பிறகு மேக்ஸ். அண்ணன் முறையான பில்லி கண்முன் செத்துப்போனவள். அவன் ஒழிந்தால் தேவலை என்று ஒரு காலத்தில் நினைத்ததும் அவளுக்குள் கிடக்கிறது. காதலன் லூக்கஸை விலக்கிவிட்டாள், அம்மா இரண்டு வேலை பார்த்துக் குடிக்கிறாள், இவள் காதில் எப்போதும் வாக்மேன். கேட் புஷ் பாடிய 1985ஆம் ஆண்டுப் பாட்டுதான் அவளை அரக்கனிடமிருந்து மீட்கிறது. தொடர் வந்தபின் அந்தப் பழைய பாட்டு பிரிட்டனில் முதலிடத்துக்கு ஏறியது. ஒரு பெண் விடாமல் ஒரே பாட்டைக் கேட்பது ஏன் என்று தெரிந்தவர்கள் அத்தனை பேர் இருந்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தத் தொடர் போகப் போக அரக்கன் பெருத்து, பிள்ளைகளுக்கு நேரம் குறைந்ததாகவே எனக்குப் படுகிறது. நான்காம் சீசனின் கடைசி எபிசோட் இரண்டேகால் மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. அதில் மேக்ஸும் லூக்கஸும் பேசாமல் தாளில் எழுதிக் காட்டிக்கொள்ளும் சில நிமிடங்களே எனக்கு மிச்சம். பட்ஜெட் வந்தால் இந்த வியாதியும் கூடவே வரும். பணமில்லாதது இப்போதைக்கு உனக்கு நல்லது. பஃபியில் காட்டேரி செத்தால் தூசியாகிவிடும், பிணத்தை எங்கே மறைப்பது என்று காட்சி எழுத வேண்டாம். யாரும் எட்டிப்பார்க்காத பள்ளி நூலகமே தலைமையகம், மூன்று சீசனுக்கும் அந்த ஒரு செட் உழைத்தது. மிச்சமான நிமிடங்களை வீட்டுப்பாடத்துக்கும் சண்டைக்கும் கொடுத்தார்கள்.

சக்தி உதவாத இடம் ஒன்றையும் முன்பே குறித்து வைத்துக்கொள். 2001 பிப்ரவரியில் பஃபியின் அம்மா ஜாய்ஸ் செத்துப்போகிறாள். பூதமில்லை, சாபமில்லை, மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. அந்த எபிசோட் முழுவதும் பின்னணி இசை கிடையாது. அடுத்த சீசனில் பஃபி வீட்டுக் குழாய் உடைந்து, பிளம்பருக்குப் பணமில்லாமல் கடன் கேட்டு வங்கிக்குப் போகிறாள், கடைசியில் பர்கர் கடையில் வேலைக்குச் சேர்கிறாள். பள்ளியில் தொடங்கிய பிள்ளைகள் பார்ப்பவர்களோடு சேர்ந்தே வயதேறினார்கள், அவர்களுடைய பயமும் வயதேறியது. சீசனுக்கு ஒரு கல்வியாண்டு என்று வைத்தது அதற்கு வசதியாயிற்று. உனக்கு இரண்டாவது சீசன் கிடைத்தால் அவள் பிளஸ் டூ. பொதுத்தேர்வு வருகிற வருஷத்தில் ஆவிக்கு அவளுடைய நேரம் எப்படிக் கிடைக்கும் என்று இப்போதே யோசி, அதில் ஒரு முழு சீசன் இருக்கிறது.

கடைசியாக நடிகர் தேர்வு. அமெரிக்காவில் இருபதைத் தாண்டியவர்களைப் பள்ளிச் சீருடை வயதில் நடிக்க வைப்பது வழக்கம். கோர்டீலியாவாக நடித்த கரிஸ்மா கார்ப்பெண்டர் அப்போது இருபத்தாறு. ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் நிஜச் சிறுவர்களைப் போட்டது. கதையில் இரண்டரை ஆண்டு நகர்வதற்குள் வெளியே ஆறு ஆண்டு ஓடிவிட்டது, குரலும் உயரமும் கையை மீறிப்போயின. நீ நாயகிக்குப் பதினெட்டு பத்தொன்பது வயதில் ஒரு புதுமுகத்தைத் தேடு. படப்பிடிப்புத் தளம் எப்படி நடக்கிறது என்பதையும் நீயே கவனி. இவ்வளவு நேரம் நான் புகழ்ந்த தொடரை உருவாக்கிய வீடன், தளத்தில் தன்னைக் கொடுமைப்படுத்தியதாக அதே கார்ப்பெண்டர் 2021இல் வெளிப்படையாகச் சொன்னார். உடன் நடித்த சிலரும் அவருக்கு ஆதரவாக நின்றார்கள். ஒதுக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றி அவ்வளவு நுட்பமாக எழுதிய தளத்தைப் பற்றி அப்படிக் கேட்க நேர்ந்தது.

நாயகியின் தம்பிக்கு நீ பதினோரு வயது என்று எழுதியிருக்கிறாய். நல்ல பாத்திரம், வெட்டாதே. ஆனால் 14 வயதுக்குக் கீழே என்றால் 2017ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க முடியாது, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்வு தர வேண்டும், மாவட்ட ஆட்சியரின் அனுமதியும் வாங்க வேண்டும். அவனை வைத்து ஆலைக்குள் பதினொரு இரவுக் காட்சி எழுதியிருக்கிறாய். அதில் எத்தனையைப் பகலுக்கும் வீட்டுக்குள்ளும் மாற்றலாம் என்று பார்த்து, மாற்றிய பைலட்டை அனுப்பு. அக்கா எதையோ மறைக்கிறாள் என்று முதலில் கண்டுபிடிப்பவன் அவனாக இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்